பதினாறு பக்கத்தில் ஒரு கச்சான் தோட்டம்

“கலியாண வீட்டில படம் எடுக்கத் தெரிஞ்சாக் காணாதோ பிள்ளை? சஞ்சிகைக்கெண்டு தனியாப் படிக்கவும் வேணுமோ?”

புதுக்குடியிருப்புச் சந்திக்குக் கிட்ட நான் வேலை செய்யும் ஸ்ரூடியோவில் அடிக்கடி என் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்களில் பிழையில்லை. கிழமை நாட்களில் எனக்கு ஸ்ரூடியோ வேலை. சனிக்கிழமை வந்தால் விடியமுன் பஸ் ஏறி, ஏ 35 வீதியால் பரந்தனுக்குப் போய், ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணத்தில் ஒளிப்பட வகுப்பு. அங்கே படம் எடுக்கவும் படிக்கிறேன், எடுத்த படத்தைச் சஞ்சிகைப் பக்கமாக்கவும் படிக்கிறேன். கையில் கமராவும் மாதச் சம்பளமும் இருக்கும்போது இவள் இன்னும் என்னத்தைப் படிக்கிறாள் என்று ஊர் யோசிக்கத்தான் செய்யும்.

என் பதில் இதுதான். ஒரு படம் என்ன சொல்கிறது என்பதில் பாதியைத்தான் கமரா முடிவு செய்கிறது. மற்றப் பாதி பக்கத்தின் கையில் இருக்கிறது. படத்தை எந்த அளவில் போடுகிறோம், எதை வெட்டி விடுகிறோம், அருகில் எந்தப் படத்தை வைக்கிறோம், கீழே என்ன எழுதுகிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் பார்ப்பவர் மனதில் பதிகிறது. எங்கள் ஊரை எத்தனையோ பேர் படம் எடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது பாதி வேலை மட்டும் பெரும்பாலும் வேறு ஊர்களில், எங்களைத் தெரியாதவர்களின் மேசையில் நடந்தது. அதை இங்கேயே இருந்து செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று நம்புகிறேன். அதற்காகத்தான் படிக்கிறேன்.

ஸ்ரூடியோ தந்த முதல் பாடம்

வன்னியில் ஒரு ஸ்ரூடியோ தேசிய அடையாள அட்டைப் படத்தாலும் சாமத்திய வீட்டாலும் கலியாண வீட்டாலும் பிழைக்கிறது. வெளியூர்க்காரர் அதிகம் அறியாத இன்னொரு வேலையும் உண்டு. பழைய படத்தைத் திருத்திப் பெரிதாக்கிக் கொடுப்பது. போரின் கடைசியில், 2009 இன் தொடக்க மாதங்களில், இந்தப் பக்கத்துச் சனம் இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று இடம் மாறி மாறி ஓடியபோது வீட்டு அல்பங்கள் பங்கருக்குள்ளும் வழியிலும் கிடந்து அழிந்தன. பல வீடுகளில் மிஞ்சியது ஒரு பாடசாலை அடையாள அட்டை. அல்லது வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு எப்போதோ அனுப்பி, அவர்களிடமிருந்து திரும்பி வந்த ஒரு கலியாணப் படம்.

“பின்வரிசையில நிக்கிறவர்தான். இவரை மட்டும் வெட்டிப் பெரிசாக்கித் தாங்கோ பிள்ளை” என்று கொண்டு வருவார்கள். நகத்தளவு முகம். அதைச் சட்டத்தில் போடுமளவுக்குக் கொண்டுவர வேண்டும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்த கிழமைகளில் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் போராட்டக் கொட்டகைகள் எழுந்தன. அங்கே தாய்மார் மடியில் வைத்திருந்த படங்களில் இப்படிக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த முகங்களும் இருந்தன. ஒரு படத்தை எந்த இடத்தில் வெட்டலாம், வெட்டினால் யார் போய்விடுகிறார்கள் என்பதை வகுப்புக்குப் போக முன்னரே இந்த வேலை எனக்குக் காட்டிவிட்டது.

பக்கம் செய்யப் பழகியதும் ஸ்ரூடியோவில்தான். ஒருவர் இறந்து 31ஆம் நாள் நினைவு மலர் அடித்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்வெட்டு என்றும் சொல்வோம். முன்னட்டையில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்ச வழி, கடைசியில் நன்றி நவிலல். அந்தச் சிறு புத்தகத்துக்குள் ஒரு சஞ்சிகையின் எல்லா வேலையும் அடங்கியிருக்கிறது. எழுதுவித்து வாங்க வேண்டும், எழுத்துப் பிழை பார்க்க வேண்டும், படம் தேட வேண்டும், பக்கம் பிரிக்க வேண்டும், சொன்ன நாளுக்கு அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய நோவு என்பதை நினைத்தே ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்ப்போம். அந்தக் கவனம் சஞ்சிகைக்கும் வேண்டும்.

வரிசையை நாமே கண்டுபிடிக்க வேண்டும்

கலியாண வீட்டில் சடங்கே படத்தின் வரிசையைச் சொல்லித் தரும். பொன்னுருக்கல், கூறை கொடுத்தல், தாலி கட்டல், அறுகரிசி. எந்த நேரம் எங்கே நிற்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். சஞ்சிகைக் கதையில் அப்படி யாரும் வரிசை வைத்துத் தருவதில்லை. படம் எடுப்பவரே அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதற்கு வகுப்பில் எங்கள் சேர் முதலில் காட்டியது ஒரு பழைய அமெரிக்கக் கதை. ‘லைஃப்’ சஞ்சிகை 1936 நவம்பரில் படங்களையே முதன்மையாக வைத்துத் தொடங்கியது. 1948 செப்டெம்பரில் அதில் யூஜின் ஸ்மித் எடுத்த ‘நாட்டுப்புற மருத்துவர்’ என்ற படக்கதை வந்தது. கொலராடோ மாநிலத்தில் கிரெம்லிங் என்ற சிற்றூர். அங்கே பெரும்பாலும் தனியாளாக வைத்தியம் பார்த்த ஏர்னஸ்ட் செரியானி என்ற மருத்துவரின் பின்னால் ஸ்மித் மூன்று கிழமைக்கு மேல் திரிந்தார். தொடக்கத்தில் கமராவில் பிலிமே போடாமல் படம் எடுப்பதுபோல் நடந்துகொண்டாராம், மருத்துவர் கமராவுக்குப் பழகட்டும் என்று. அந்தக் கதையில் ஊரின் பரப்பு இருக்கிறது, நோயாளியின் முகம் இருக்கிறது, மருத்துவரின் கை இருக்கிறது. பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற முடியாமல் போன இரவில், களைத்துச் சாய்ந்து கோப்பையோடு நிற்கும் மருத்துவரும் இருக்கிறார். அந்தப் படத்தைத் தனியே பார்த்தால் களைத்த ஒருவர் நிற்கிறார், அவ்வளவுதான். முன்னால் வந்த படங்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவர் எதைச் சுமந்து நிற்கிறார் என்பது விளங்கும்.

அதிலிருந்து எங்களுக்குத் தந்த பயிற்சி, ஊரில் ஒரு தொழிலை எடுத்துப் பதினாறு பக்கச் சஞ்சிகை செய்வது. நான் எடுத்துக்கொண்டது கச்சான். முல்லைத்தீவு மாவட்டத்தின் மணல் தரைக்கும் கச்சானுக்கும் அவ்வளவு பொருத்தம். மாரி மழையை நம்பி விதைத்து, தை மாசியளவில் பிடுங்குவார்கள். மந்துவிலில் ஒரு தோட்டத்தில் படம் எடுக்கிறேன். கதை அங்கே தொடங்கி, வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலில் விரிக்கும் கச்சான் கடைகளில் முடிகிறது. பொங்கலுக்குப் போனவர் கச்சான் வாங்காமல் வீட்டுக்கு வருவதில்லை.

ஒரு கதைக்கு என்னென்ன வகைப் படங்கள் வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு போகிறேன். இடத்தைக் காட்டும் அகன்ற படம்: பனைகளுக்கு நடுவே தோட்டம். வேலையைக் காட்டும் நடுத்தரப் படம்: நிரையாகக் குனிந்து பிடுங்கும் பெண்கள். கிட்டத்தில் எடுத்த நுணுக்கப் படம்: கச்சான் மண்ணுக்கு மேலே பூத்து, காம்பு மண்ணுக்குள் இறங்கி, அங்கே காய்க்கும் பயிர். அந்தக் காம்பு மண்ணைத் தொடும் இடத்தை ஒரு படத்தில் காட்டினால் நகரத்தில் வளர்ந்த பிள்ளை நின்று பார்க்கும். பிறகு ஆளின் முகம். இரண்டு பேர் கதைத்துச் சிரிக்கும் அல்லது விலை பேசும் கணம். வேலை நடக்கும் ஒழுங்கைக் காட்டும் தொடர்: பிடுங்குவது, ஆய்வது, காயவிடுவது, மணலோடு தாச்சியில் வறுப்பது. கடைசியில் கதையை முடிக்கும் படம். இத்தனையும் இருந்தால்தான் பக்கம் செய்யும்போது எதை முன்னே, எதைப் பின்னே வைக்கலாம் என்று யோசிக்க இடம் கிடைக்கும்.

வன்னி வெயிலும் எங்கள் முகங்களும்

எங்கள் ஊரில் படம் எடுப்பவருக்கு முதல் வாத்தியார் வெயில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணியிலும் உச்சிவேளைச் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேரே நிற்கும். அப்போது எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் குழிதான் தெரியும். கிழக்குக் கரை என்பதால் முல்லைத்தீவில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. கரைவலை இழுப்பவர்களின் முகத்தில் காலை ஆறரை மணிக்கு விழும் வெளிச்சத்தை எந்த விளக்காலும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கமரா தன் முன்னால் இருப்பது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளை மணலில் ஒரு கறுத்த ஆள் நின்றால், மணலின் வெளிச்சத்தைக் கண்டு கமரா படத்தை இருட்டாக்கிவிடும். மணல் சாம்பலாகும், முகம் கரியாகும். கைத்தொலைபேசியிலும் இதே கதைதான். அதற்கு, முகத்தின்மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி எடுக்க வேண்டும். கமரா என்றால் ஒரு படி ஏற்றி வைக்க வேண்டும். ஒரு துண்டு ரெஜிபோமை மடியளவில் பிடித்தால் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும். இதற்குச் செலவே இல்லை.

அச்சில் இது இன்னும் பெரிய விசயம். மலிவான தாள் மையை உறிஞ்சும். உறிஞ்சும்போது ஒவ்வொரு மைப்புள்ளியும் கொஞ்சம் பரந்து படம் இருளும். திரையில் அழகாய் இருந்த கறுத்த முகம் தாளில் மூக்கும் வாயும் தெரியாமல் போவது இதனால்தான். ஸ்ரூடியோக்களில் இதற்கு வழமையான வைத்தியம் முகத்தை வெளுப்பாக்குவது. அதை நான் செய்வதில்லை. நிறத்தை மாற்றாமல், நிழல் விழுந்த பகுதியை மட்டும் திறந்து, அச்சகத்தில் அதே தாளில் ஒரு சோதனைப் பிரதி எடுத்துப் பார்த்துத் திருத்துவதே சரியான வழி. வெயிலில் வேலை செய்தவரின் நிறம் அவர் உழைப்பின் அடையாளம். அதைத் தாளில் அப்படியே கொண்டுவரத் தெரிந்தவரைத்தான் நான் கெட்டிக்காரர் என்பேன்.

படம் பக்கமாகும் இடம்

பக்க வேலை தெரியாமல் எடுத்த படம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிலவேளை பயன்படாமல் போகும். இதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பக்கத்தின் எண்ணிக்கை. ஒரு ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம் வரும். ஆகவே நடுவில் பின் அடிக்கும் சஞ்சிகை நான்கின் மடங்கில்தான் இருக்க முடியும். எனக்கு நான்கு தாள், பதினாறு பக்கம். இதில் 8ஆம் பக்கமும் 9ஆம் பக்கமும் மட்டுமே ஒரே தாளில் பக்கத்துப் பக்கமாக அச்சாகும். மற்ற இணைப் பக்கங்களில் இடப்பக்கம் ஒரு தாளிலும் வலப்பக்கம் இன்னொரு தாளிலும் இருக்கும். மடிக்கும்போது ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் அவற்றின் மேல் பரந்த படம் உடைந்து தெரியும். இதனால் பெண்கள் நிரையாக நிற்கும் அகன்ற படத்தை 8, 9 இல் வைக்கிறேன். அதிலும் நடு மடிப்பில் யாருடைய முகமும் விழக்கூடாது. அதை யோசித்தே தோட்டத்தில் இடம் மாறி நின்று, நடுவில் ஒரு வெளி விட்டு எடுத்தேன்.

அடுத்தது படத்தின் அளவு. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஏ4 முழுப்பக்கத்துக்கு 2480க்கு 3508 புள்ளி. 12 மெகாபிக்சல் கைத்தொலைபேசியின் படமே இதற்குப் போதும். இரண்டு பக்கத்தில் பரப்ப ஏறத்தாழ 17 மெகாபிக்சல் தேவை. பிரச்சினை கருவியில் அல்ல, அனுப்பும் விதத்தில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பினால் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிக்குச் சுருங்கும். அதை அச்சில் போட்டால் பதின்மூன்று சென்றிமீற்றர் சொச்சத்துக்கு மேல் தெளிவாக வராது. மலருக்குப் படம் அனுப்பும் எல்லாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: ஆவணமாக இணைத்து அனுப்புங்கோ, அல்லது மின்னஞ்சலில் போடுங்கோ.

மூன்றாவது முன்னட்டை. அட்டை நெடுக்குப் பக்கம். மேலே சஞ்சிகையின் பெயர் வர இடம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் கமராவைத் திருப்பி, தலைக்கு மேலே வெறுமை விட்டு, நெடுக்காகவும் ஒரு படம் எடுத்து வைக்கப் பழக வேண்டும். அப்படி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ‘நேஷனல் ஜியோகிரபிக்’ சஞ்சிகை. அதன் 1982 பெப்ரவரி அட்டையில் எகிப்தின் கீசா பிரமிட்டுகள். மூலப்படம் கிடையானது. நெடுக்கு அட்டைக்குள் அடக்குவதற்காகக் கணினியில் பிரமிட்டுகளை நெருக்கி வைத்தார்கள். அது வெளியே தெரிந்ததும் பெரிய கண்டனம் எழுந்தது. இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டிய படத்தை வாசகர் எப்படி நம்புவது? பக்கத்துக்காகப் படத்தைப் பொய்யாக்கும் நிலை வராமலிருக்க ஒரே வழி, படம் எடுக்கும்போதே பக்கத்தை மனதில் வைத்திருப்பது.

தமிழ் எழுத்து கேட்கும் இடம்

வடிவமைப்புப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே எழுதப்பட்டவை. தமிழை அதே அளவில் ஊற்றினால் பக்கம் மூச்சு முட்டும். எங்கள் எழுத்தில் ‘கி’, ‘கீ’ மேலே எழும்பும், ‘கு’, ‘கூ’, ‘ஞ்’ கீழும் மேலும் இடம் கேட்கும். அதனால் வரிக்கு வரி இடைவெளி கூட வேண்டும். சொற்களும் நீளம். ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்ற ஒரு சொல் ஒரு ஒடுங்கிய பத்தியின் முழு வரியையும் பிடித்துவிடும். அப்படிப்பட்ட பத்தியில் இரு கரையும் நேராக வரவேண்டும் என்று அடம்பிடித்தால் மற்ற வரிகளில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். ஏ4 பக்கத்தில் மூன்று பத்திக்குப் பதில் இரண்டு பத்தி வைப்பதும், வலக்கரையை நேர்ப்படுத்தாமல் விடுவதும் தமிழுக்கு நல்லது.

இலங்கை அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவின் ஆட்சி நடக்கிறது. பாமினியில் தட்டிய கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் சிதறிக் கிடக்கும். யூனிக்கோட்டுக்கு மாற்றிப் பக்கமாக்கினால் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துக்களில் கொம்பும் அரவும் இடம் மாறுவதுண்டு. இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான பந்தித் தெரிவை மாற்றி வைத்தால் இது தீரும். பலர் இது தெரியாமல் தமிழையே குறை சொல்கிறார்கள். இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல படமும் நல்ல கட்டுரையும் இருந்தும், எழுத்து நெரிந்து கிடந்தால் அம்மம்மா போன்ற ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரி வாசித்துவிட்டு மூடி வைத்துவிடுவார். பக்கம் யாருக்காக என்பதை வடிவமைப்பவர் மறக்கக்கூடாது.

எங்களுக்கு முன்னால் நடந்தவர்கள்

இந்தப் படிப்பில் எனக்குப் பெரிய துணை 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம். எங்கள் பக்கத்துப் பழைய சஞ்சிகைகளை வருடி அங்கே இலவசமாக வைத்திருக்கிறார்கள். டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய ‘மல்லிகை’ 2012 வரை வந்தது. அச்சுக்கோப்பவர் ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிய காலத்தில் தொடங்கிய சஞ்சிகை அது. அட்டையில் எழுத்தாளர், கலைஞர், அறிஞர் ஒருவரின் முகத்தைப் போட்டு, உள்ளே அவரைப் பற்றி எழுதுவார்கள். நடிகையின் படம் இல்லாமல் சஞ்சிகை விற்காது என்று சொல்லப்பட்ட நாட்டில் ஊர் மனிதரின் முகத்தை அட்டையில் வைத்த துணிவு பெரியது. சி. சிவஞானசுந்தரம் 1960களில் தொடங்கிய ‘சிரித்திரன்’ கோட்டுச் சித்திரத்துக்குப் பக்கத்தில் பெரிய இடம் கொடுத்தது. படமும் எழுத்தும் எப்படி ஒன்றுக்கு ஒன்று இடம் விட வேண்டும் என்பதை அதன் பக்கங்களில் பார்த்துப் படிக்கலாம்.

1990களில் வடக்கின் மேலிருந்த பொருளாதாரத் தடையில் தாளுக்கும் மைக்கும் பற்றறிக்கும் தட்டுப்பாடு. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் செய்தித்தாள் அச்சான காலம் அது. அந்த நெருக்கடிக்குள்ளும் யாழ்ப்பாணத்திலும் பின்னர் வன்னியிலும் ‘வெளிச்சம்’ போன்ற சஞ்சிகைகள் வந்தன. 2022 மார்ச்சில் டொலர் நெருக்கடியால் தாள் இல்லாமல் கொழும்பின் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ நாளிதழ்கள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தியபோது நாடு முழுவதும் அதைப் பெரிதாய்ப் பேசியது. எங்கள் அச்சகங்களில் வேலை செய்த மூத்தவர்களுக்கு அது முன்பே தெரிந்த கதை. தாள் அரியது என்று அறிந்தவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் யோசித்துச் செய்தார்கள். அந்த ஒழுக்கத்தைத்தான் அந்தப் பழைய இதழ்களில் தேடிப் படிக்கிறேன்.

படத்தின் கீழே பெயர்

இத்தனை தொழில்நுட்பத்தையும் விட நான் முக்கியமாக நினைப்பது படத்தின் கீழே வரும் ஒரு வரியை. 1985 ஜூன் ‘நேஷனல் ஜியோகிரபிக்’ அட்டையில் பச்சைக் கண் சிறுமி ஒருத்தியின் படம் வந்தது. பாகிஸ்தான் அகதி முகாமில் 1984 இல் ஸ்டீவ் மக்கரி எடுத்தது. உலகமே அந்த முகத்தை அறிந்தது. அவள் பெயர் சர்பத் குலா என்பது 2002 இல் அவளைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் தெரிய வந்தது. பதினேழு ஆண்டுகள் அவள் வெறும் ‘ஆப்கான் சிறுமி’. அட்டையில் முகம் இருந்தது, ஆள் இல்லை.

எங்கள் சனத்துக்கும் இது நடந்தது. 2009 இல் வெளியே போன படங்களில் இருந்தவர்கள் உலகத்துக்கு ‘பொதுமக்கள்’, ‘அகதிகள்’, ‘முள்வேலிக்குப் பின்னால் ஒரு பெண்’. அந்தப் படங்கள் போயே ஆக வேண்டியிருந்தது. அவை இல்லாவிட்டால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லியிருப்பார்கள். கவிஞரும் ஒளிப்படக்காரருமான அமரதாஸ் போன்றவர்கள் வன்னிக்குள்ளேயே இருந்து, சனத்தோடு சனமாக ஓடிக்கொண்டு எடுத்த படங்களை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். ஷெல்லுக்குள் நின்று பெயர் கேட்டு எழுத யாருக்கும் நேரம் இருந்திருக்காது. இப்போது நேரம் இருக்கிறது. இன்றைக்கும் வந்து படம் எடுத்துப் போய், ‘போரால் பாதிக்கப்பட்ட பெண்’ என்று மட்டும் போடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

மந்துவில் தோட்டத்தில் ஒரு அம்மாவிடம் படம் எடுக்கலாமோ என்று கேட்டேன். “எடுங்கோ பிள்ளை. எத்தினை பேர் வந்து எடுத்திட்டுப் போட்டினம். ஒருத்தரும் படத்தைக் கொண்டுவந்து காட்டேல்லை” என்றார். அதன் பிறகு எனக்கென்று சில விதிகள் வைத்திருக்கிறேன். படம் எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும். பெயரையும் ஊரையும் தொழிலையும் அவர் சொல்லும்படியே எழுத வேண்டும். பக்கம் முடிந்ததும் அச்சுக்குப் போகமுன் அவரிடம் காட்ட வேண்டும். வேண்டாம் என்று அவர் சொல்லும் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை நீக்க வேண்டும். என் பதினாறு பக்கத்தில் அந்த அம்மாவின் முகத்தின் கீழே அவர் பெயர் இருக்கும், எத்தனை பரப்பில் கச்சான் போடுகிறார், இந்த முறை மழை எப்படி என்று அவர் சொன்னது இருக்கும். இந்தக் கட்டுரைக்கு அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஆகவே இங்கே பெயரை எழுதவில்லை.

இதனால் பிழைக்கலாமா?

வீட்டில் கேட்கும் நியாயமான கேள்வி இது. ஒளிப்படச் சஞ்சிகை மட்டும் செய்து வன்னியில் யாரும் குடும்பம் நடத்த முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் இந்தப் படிப்பு தரும் கைவேலை பல இடத்தில் ஓடும். பாடசாலைப் பரிசளிப்பு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், நினைவு மலர், கூட்டுறவுச் சங்கங்களின் ஆண்டறிக்கை, கடற்றொழில் அமைப்புகளின் வெளியீடுகள் எல்லாவற்றுக்கும் படமும் பக்கமும் சேர்த்துச் செய்யத் தெரிந்த ஆள் தேவை. இப்போது பல வேலைகள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகின்றன.

தமிழ்நாட்டில் மதுரையைச் சேர்ந்த பழனிக்குமார் எனக்கு நம்பிக்கை தருபவர். மீன் விற்று வளர்த்த தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர், மீனவர், உழைக்கும் பெண்கள் ஆகியோரின் வாழ்க்கையைப் படம் எடுத்து, ‘பாரி’ என்ற கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் களஞ்சியத்தில் வேலை செய்து, 2022 இல் முதன்முதலாக வழங்கப்பட்ட தயாநிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருதைப் பெற்றார். சிறுவர்களுக்கும் மீனவப் பெண்களுக்கும் கமரா பிடிக்கக் கற்றுக் கொடுக்கிறார். தான் பிறந்த தெருவின் வாழ்க்கையே தன் வேலை என்று எடுத்துக்கொண்டவருக்கு உலகம் கதவு திறந்திருக்கிறது.

இங்கும் தொடங்கலாம். க.பொ.த. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடம் இருக்கிறது. அந்தப் பாடம் நடக்கும் ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டுக்கு ஒரு பதினாறு பக்கச் சஞ்சிகையை மாணவர் கையாலேயே செய்விக்கலாம். ஒரு வகுப்பு பாய் இழைப்பதை எடுக்கட்டும், ஒரு வகுப்பு நந்திக்கடல் இறாலை எடுக்கட்டும், ஒரு வகுப்பு முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வரும் வழியை எடுக்கட்டும். கமராவுக்குக் கைத்தொலைபேசி காணும். ஒரு பிரதி அச்சிட நான்கு ஏ3 தாள் காணும். அதிபர்களும் ஆசிரியர்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். பரிசளிப்பு விழாவுக்கு வரும் பிரமுகரின் படத்துக்கு முழுப்பக்கம் கொடுக்கும் மலரில், ஊரில் கச்சான் பிடுங்கும் தாய்க்கும் ஒரு முழுப்பக்கம் கொடுங்கள். படத்தின் கீழே அவர் பெயரைப் பிழையில்லாமல் போடுங்கள். பக்கம் செய்ய ஆள் இல்லை என்றால் புதுக்குடியிருப்புச் சந்திக்கு வாருங்கள். தெரிந்த மட்டும் நான் சொல்லித் தருகிறேன்.